சொரியாசிஸ் வந்தவர்கள் இடுப்பையும் சுகரையும் ஏன் பார்க்க வேண்டும்: படிப்படியான முழு வழிகாட்டி

முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளைச் செதிலோடு தடித்த படை வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது களிம்பைத்தான். தேடவும் வேண்டும். ஆனால் சொரியாசிஸ் என்று உறுதியான அதே வாரத்தில் செய்ய வேண்டிய வேலைகள் இன்னும் இரண்டு உண்டு. இடுப்பை அளக்க வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து சுகரும் கொழுப்பும் பார்க்க வேண்டும். தோல் மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் பல நேரம் இவை இரண்டும் இருப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. தோலில் வந்த நோய்க்குக் கொலஸ்ட்ரால் டெஸ்ட் எதற்கு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்தக் கேள்விக்குப் பதிலை முதலில் சொல்லிவிட்டு, வீட்டில் அளப்பதிலிருந்து மருத்துவரிடம் பேசுவது வரை ஒவ்வொரு படியாகப் போகிறேன். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தோலுக்கும் தொப்பைக்கும் என்ன தொடர்பு

சொரியாசிஸ் தொற்று நோய் அல்ல. தொட்டால் ஒட்டாது, சுத்தக் குறைவால் வருவதும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் தூண்டப்பட்டு, தோலில் அழற்சியை உண்டாக்குகிறது. சாதாரணமாகத் தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் படையில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. செதில் செதிலாகக் கொட்டுவது அதனால்தான்.

இந்தத் தூண்டுதலைச் செய்பவை டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-23 போன்ற வேதித் தூதுகள். அவை தோலோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றுகின்றன. டிஎன்எஃப் ஆல்ஃபா இன்சுலின் சொல்வதைத் தசையும் கல்லீரலும் கேட்க விடாமல் தடுக்கிறது. ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் இந்த அழற்சி வேலை செய்கிறது.

இப்போது மறுபக்கம். வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு அல்ல. அதுவும் டிஎன்எஃப் ஆல்ஃபாவையும் இன்டர்லூகின்-6-ஐயும் சுரக்கிறது. அழற்சியைத் தணிக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் தொப்பை பெருகும்போது குறைந்துவிடுகிறது. ஆக, ஒரே அடுப்புக்குத் தோல் ஒரு பக்கமும் தொப்பை இன்னொரு பக்கமும் விறகு தள்ளுகின்றன. ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் தீ முழுதாக அடங்காது.

முதலில் வருவது எது? 2019-இல் பிரிட்டன், நார்வே மக்களின் மரபணுத் தரவுகளை வைத்து வெளியான ஆய்வு, கூடுதல் எடை சொரியாசிஸுக்கு ஒரு காரணமாகவே இருக்கிறது என்று காட்டியது. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ ஒரு புள்ளி ஏறினால் வாய்ப்பு சுமார் 9 சதவீதம் ஏறுகிறது. சொரியாசிஸ் மரபணு எடையை ஏற்றுகிறது என்பதற்கு அந்த ஆய்வில் வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆனால் வாழ்க்கையில் அந்தத் திசையிலும் நடப்பதை நாம் பார்க்கிறோம். கை கால் தெரிகிற உடையில் வெளியே போகக் கூச்சம், வியர்த்தால் எரிச்சல், மூட்டு வலி, மன உளைச்சல். நடை நிற்கிறது, தட்டு நிறைகிறது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, கடுமையான சொரியாசிஸ் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மெட்டபாலிக் சிண்ட்ரோம் எனப்படும் கூட்டுக் கோளாறும் இரண்டு மடங்குக்கு மேல். 2006-இல் பிரிட்டன் நோயாளிகளின் பதிவுகளை வைத்து வந்த ஆய்வில், 30 வயதில் கடுமையான சொரியாசிஸ் உள்ளவருக்கு மாரடைப்பு வாய்ப்பு அதே வயதுள்ள மற்றவரைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று வந்தது. இதைப் படித்துப் பதற வேண்டாம். 30 வயதில் மாரடைப்பு வாய்ப்பே மிகச் சிறியது. சிறியதன் மூன்று மடங்கும் சிறியதுதான். ஆனால் அதே நபர் 45-ஐயும் 50-ஐயும் தொடும்போது கதை மாறுகிறது. அதனால்தான் இளம் வயதிலேயே அளக்கத் தொடங்க வேண்டும் என்கிறேன்.

2014-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை சொரியாசிஸைக் கடுமையான தொற்றா நோய் என்று ஏற்றுத் தீர்மானம் போட்டது. 2018-இல் வந்த அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் கொலஸ்ட்ரால் வழிகாட்டி, இதய ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் சொரியாசிஸையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. உங்களுக்குக் கொழுப்பு மாத்திரை தேவையா என்று மருத்துவர் யோசிக்கும்போது சொரியாசிஸும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

படி 1: தோலை அளந்து எழுதுங்கள்

உங்கள் கையை விரல்களோடு சேர்த்து விரித்துப் பாருங்கள். அந்த உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு உங்கள் உடல் தோலில் சுமார் 1 சதவீதம். மொத்தப் படையும் எத்தனை கை அளவு என்று எண்ணினால் எத்தனை சதவீதம் என்பது தெரிந்துவிடும். மூன்றுக்குக் கீழே என்றால் லேசானது, பத்துக்கு மேலே என்றால் கடுமையானது என்பது பொதுவான கணக்கு. ஆனால் உச்சந்தலை, முகம், உள்ளங்கை, பாதம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வந்தால் பரப்பு குறைவாக இருந்தாலும் கடுமையானதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒருமுறை, அதே வெளிச்சத்தில், அதே இடத்தைப் போனில் படம் எடுங்கள். நினைவை நம்பி 'போன மாதம் பரவாயில்லை' என்று சொல்வதைவிட அது மருத்துவருக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

அப்படியே நகங்களையும் பாருங்கள். ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள், நகம் சதையிலிருந்து விட்டு எழும்புவது, காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகிக் கிடப்பது, குதிகால் வலி, ஒரு விரல் முழுக்க வீங்கி நிற்பது. இவற்றில் எது இருந்தாலும் மூட்டுவாத மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரைக்கும் மூட்டுப் பாதிப்பு வரலாம். தாமதித்தால் மூட்டு திரும்பச் சரியாகாமல் போகும்.

படி 2: டேப், தராசு, பிரஷர் மெஷின்

தையல் டேப் போதும். பேண்ட் கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த அளவு பொய் சொல்லும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு, வயிற்றை உள்ளே இழுக்காமல் படியுங்கள். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. ஐரோப்பியர்களுக்குச் சொல்லும் எல்லை இதைவிட அதிகம். நம் உடல்வாகில் கை கால் ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் சேருவதால்தான் நமக்கு இவ்வளவு கறாரான எல்லை.

பிஎம்ஐ-யிலும் அப்படித்தான். நமக்கு 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடை, 25-இல் உடல்பருமன்.

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் ஊன்றி உட்காருங்கள். காபி குடித்த கையோடு பார்க்க வேண்டாம். கை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். ஒருமுறை பார்த்து முடிவு செய்யாமல் சில நாள் காலையும் மாலையும் பார்த்து எழுதுங்கள். மெஷின் இல்லை என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது சொரியாசிஸ் இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

படி 3: லேபில் எதைக் கேட்பது

முழு உடல் பரிசோதனை என்று விற்கப்படும் பெரிய பேக்கேஜ் தேவையில்லை. வெறும் வயிற்று சுகர், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, கொழுப்புப் பட்டியல், கல்லீரல் என்சைம்கள், ரத்த அணுக்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின். இவ்வளவுதான். கல்லீரல் என்சைம் ஏறியிருந்தாலோ தொப்பை இருந்தாலோ வயிற்று ஸ்கேன் சேர்க்கலாம். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கொழுப்புக் கல்லீரல் அதிகம் காணப்படுகிறது. மது தொடாதவர்களுக்கும் வரும். அவர்களைப் பார்த்து 'குடிக்கிறாயா' என்று வீட்டில் சந்தேகப்படுவது பெரிய அநியாயம்.

ஒரு எச்சரிக்கை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் பெண்களில் இது மிகவும் சாதாரணம். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து சுகர் வந்துவிட்டது என்று முடிவு கட்டாமல், வெறும் வயிற்று அளவோடு சேர்த்துப் பாருங்கள்.

படி 4: ரிப்போர்ட்டைப் படிப்பது

லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்ததை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பது நம் பழக்கம். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு அது போதாது. எடுத்துக்காட்டாக, 42 வயது ஆண் ஒருவரின் எண்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: இடுப்பு 96 செ.மீ., ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 190, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் 36, வெறும் வயிற்று சுகர் 104, பிரஷர் 128/82.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் 'கொஞ்சம் பார்டர்தான்'. வீட்டில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பதே இந்தப் பார்டர்களின் கூட்டுதான். கணக்கு இது: இடுப்பு 90 அல்லது மேல், பெண்களுக்கு 80. டிரைகிளிசரைடு 150 அல்லது மேல். எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்குக் கீழ், பெண்களுக்கு 50-க்குக் கீழ். பிரஷரில் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85-ஐத் தொடுவது. வெறும் வயிற்று சுகர் 100 அல்லது மேல். ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு நார்மல் ஆனதும் கணக்கில் சேரும். நம் 42 வயதுக்காரருக்கு ஐந்தில் நான்கு இருக்கிறது. பிரஷர் ஒன்றுதான் தப்பியது.

சுகருக்குத் தனிக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126, 6.5 என்ற எண்களைத் தொட்டால் சர்க்கரை நோய். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி என்று 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. முந்தைய நிலையில் இருப்பவர்கள் அதைவிடவும் அதிகம், 13.6 கோடி. திரும்பி வர இடமுள்ள நிலை அதுதான்.

கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கிவிட்டதா என்று ஓரளவு ஊகிக்க ஃபிப்-4 என்ற எளிய கணக்கு இருக்கிறது. ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் ரிப்போர்ட்டில் வரும் கல்லீரல் என்சைம்கள். வயதையும் ஏஎஸ்டியையும் பெருக்குங்கள். அதை, ஆயிரங்களில் எழுதிய தட்டணுக்களையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். நம் எடுத்துக்காட்டில் ஏஎஸ்டி 38, ஏஎல்டி 52, தட்டணு 2,30,000 என்றால் விடை சுமார் 0.96. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. 2.67-க்கு மேலே போனால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வந்தால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். சொரியாசிஸுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைத் தொடங்கப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் பயன்படும். காரணம் அடுத்த படியில்.

படி 5: மாத்திரைகளை ஒன்றாக மேசையில் பரப்புங்கள்

எனக்கு இந்த வழிகாட்டியிலேயே முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். தோலுக்கு ஒரு மருத்துவர், சுகருக்கு ஒருவர், பிரஷருக்கு இன்னொருவர் என்று போகும்போது ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. எல்லா மாத்திரை அட்டைகளையும், களிம்பு, தைலம், சூரணம் உட்பட, மேசையில் பரப்பி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மருத்துவரிடமும் அதைக் காட்டுங்கள்.

ஏன் என்றால், சொரியாசிஸ் மருந்துகள் சில சுகர், கொழுப்பு, பிரஷர் எண்களை மாற்றும். அசிட்ரெட்டின் டிரைகிளிசரைடை ஏற்றும். சைக்ளோஸ்போரின் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டியிருக்கும். மெத்தோட்ரெக்சேட்டால் கல்லீரல் பாதிக்கும் வாய்ப்பு உடல்பருமன், சர்க்கரை நோய், மது ஆகியவை சேர்ந்தால் கூடுகிறது. அதனால் இந்த மருந்தைத் தொடங்கும் முன் எடையும் சுகரும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் பற்றி இன்னொன்றைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொரியாசிஸுக்கு இது வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மருந்து. தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிழமையைத் தேர்ந்தெடுத்து, அட்டையின் மேல் 'ஞாயிறு மட்டும்' என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள். மற்ற நாளில் எடுக்கச் சொன்ன ஃபோலிக் அமில மாத்திரையோடு மாறிவிடாமல் வேறு டப்பாவில் வையுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவின் ஆய்வகக் குழு 1940-களில் உருவாக்கிய மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. இன்றைக்கும் விலை குறைந்த, நல்ல மருந்து. சரியாக எடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர்கள் மட்டும் இதையும் அசிட்ரெட்டினையும் பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அசிட்ரெட்டின் நிறுத்திய பிறகும் மூன்று ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது.

மறுதிசையிலும் சிக்கல் உண்டு. பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை, அதாவது அட்டெனலால், மெட்டோப்ரொலால், ப்ரொப்ரனலால் போன்றவை, சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பிவிடும். மனநல மருந்தான லித்தியமும் அப்படித்தான். நம் நாட்டில் சர்க்கரை நோய்க்கும் கொடுக்கப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் இன்னொன்று. 'சுகர் மாத்திரை மாற்றினார்கள், அப்புறம்தான் படை கூடியது' என்று யாராவது சொன்னால் அந்த மாத்திரையின் பெயரை ஒருமுறை பாருங்கள். ஆனால் இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்துவது இதயத்துக்கே ஆபத்து. மாற்று மருந்து இருக்கிறதா என்று எழுதியவரிடமே கேளுங்கள்.

அடுத்தது ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும். 'ஒரு ஊசி போட்டால் ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகிவிடும்' என்று சொல்லிப் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆகவும் ஆகும். கூடவே சுகர் எகிறும். மருந்தின் வேகம் தீர்ந்ததும் படை முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். சிலருக்கு உடல் முழுக்கச் சீழ்க் கொப்புளங்களாகவும் வெடிக்கும். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் தூளிலும் உருண்டையிலும் இதே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பூசுவதற்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பு வேறு, அதைச் சொன்ன நாள் வரை பூசுங்கள். வெட்பாலைத் தைலம் பூசுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டியதில்லை.

பயாலஜிக் ஊசிகள் பற்றி ஒரு வார்த்தை. டிஎன்எஃப், இன்டர்லூகின்-17, 23 ஆகியவற்றை நேரடியாக அடைக்கும் இந்த ஊசிகள் பலருக்குத் தோலை அற்புதமாக மாற்றுகின்றன. தொடங்கும் முன் காசநோய் பரிசோதனை கட்டாயம். உடல் எடை அதிகமாக இருந்தால் ஒரே அளவாகக் கொடுக்கும் ஊசி அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை. இவற்றில் ஒன்றான உஸ்டெகினுமாப் 100 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு இரட்டிப்பு அளவில் கொடுக்கப்படுகிறது. விலையை யோசித்துப் பாருங்கள். எடை குறைவது மருந்துச் செலவையும் தொடுகிறது. ஊசி போட்டுத் தோல் தெளிந்துவிட்டதால் இதயமும் தப்பித்தது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அதற்கு இன்னும் உறுதியான சான்று இல்லை. பிரஷரையும் கொழுப்பையும் தனியாகக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும்.

படி 6: தட்டு

2014-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று. சொரியாசிஸ் மருந்து எடுத்தும் சரியாகாத, எடை கூடிய 303 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 20 வாரம் கட்டுப்பாடான உணவும் உடற்பயிற்சியும். மற்றவர்களுக்கு அறிவுரை மட்டும். நோயின் கடுமை முதல் பிரிவில் பாதியளவு, 48 சதவீதம் குறைந்தது. இரண்டாம் பிரிவில் 25.5 சதவீதம். மருந்தை நிறுத்திவிட்டுச் செய்ததல்ல இது, மருந்தோடு சேர்த்துச் செய்தது. உணவு விஷயத்தில் சொரியாசிஸுக்கு இருக்கும் சான்றுகளிலேயே வலுவானது எடைக் குறைப்புதான். அதிசயக் காய், அதிசயக் கஷாயம் எதற்கும் இந்த அளவு சான்று இல்லை.

இலக்கு பெரிதாக வேண்டாம். 80 கிலோ உள்ளவர் முதல் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைத்தாலே 5 சதவீதம். சுகரிலும் டிரைகிளிசரைடிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். பிறகு அடுத்த 4 கிலோவைப் பார்க்கலாம்.

நம் வீடுகளில் இதற்குக் குறுக்கே நிற்பது ஒரு பழக்கம். தோலில் எது வந்தாலும் 'கரப்பான் பண்டம் சேர்க்காதே' என்று கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை, கம்பு, சோளம் என்று வரிசையாக நிறுத்திவிடுவார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு தட்டில் மிஞ்சுவது என்ன? வெள்ளைச் சோறு, ரசம், மோர், அப்பளம். புரதம் காணாமல் போய் மாவுச்சத்து மட்டும் நிற்கிறது. இடுப்பு ஏறுகிறது, டிரைகிளிசரைடு ஏறுகிறது, அதனால் படையும் அடங்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட உணவு சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் உங்களுக்கு அரிப்பு கூடுகிறது என்றால் அந்த ஒன்றை விடுங்கள். பட்டியல் போட்டு எல்லாவற்றையும் விடாதீர்கள். மத்தியும் அயிலையும் ஒமேகா-3 கொழுப்பு நிறைந்த, விலை குறைந்த மீன்கள். குழம்பாக வைத்தால் வாரம் இரண்டு முறை தாராளமாகச் சாப்பிடலாம்.

நம் சமையலையே வைத்துக்கொண்டு செய்யக்கூடியவை இவை. மதியத் தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்பு, மீன், முட்டை, சுண்டல் போன்ற புரதம், மீதிக் கால் பங்குதான் சோறு. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சுகர் ஏறும் வேகம் குறையும், சோற்றின் அளவும் தானாகக் குறையும். காலையில் ஐந்து இட்லியும் சட்னியும் என்பதை இரண்டு மூன்று இட்லி, காய் நிறைந்த சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு முட்டை என்று மாற்றுங்கள். சிறுதானியத்துக்கு மாறினால் போதும் என்று நினைக்கிறவர்கள் கவனிக்க: மாவாக அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியும் சுகரை வேகமாக ஏற்றும். தானியம் எதுவானாலும் அளவு முக்கியம்.

டீயை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் கிட்டத்தட்ட 30 கிராம் சர்க்கரை டீயில் மட்டுமே போகிறது. வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்குப் பழகிவிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிற்கட்டும்.

கோதுமையை நிறுத்தச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. கோதுமையிலுள்ள புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தவர்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

படி 7: உடம்பை அசைப்பது

சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். மொட்டைமாடி போதும். உணவுக்குப் பின் ஏறும் சுகரை அடக்க இதைவிட எளிய வழி இல்லை. வாரத்தில் 150 நிமிட வேக நடையும், இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் இலக்கு.

சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு இதில் தனித் தொல்லைகள் உண்டு. தோல் உரசும் இடத்திலும் கீறும் இடத்திலும் புதுப் படை கிளம்பும். பாவாடை நாடா இறுக்கும் கோட்டிலும் பெல்ட் அழுத்தும் இடத்திலும் படை வரிசையாக நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக், தளர்ந்த பருத்தி உடை, நடக்கும் முன் தொடை உரசும் இடத்தில் கொஞ்சம் வாசலின், வந்ததும் குளியல், ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ. மார்புக்குக் கீழும் தொடை இடுக்கிலும் வரும் சொரியாசிஸில் செதில் இருக்காது, சிவந்து பளபளக்கும். படர்தாமரை என்று நினைத்து மருந்துக் கடையில் கலவைக் களிம்பு வாங்கிப் பூசுவார்கள். அந்தக் கலவையில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், மெல்லிய தோலைக் கெடுத்துவிடும். அந்த இடங்களை மருத்துவரிடம் காட்டக் கூச்சப்படாதீர்கள்.

புகை சொரியாசிஸுக்கும் இதயத்துக்கும் ஒரே நேரத்தில் எதிரி. உள்ளங்கை, பாதத்தில் சீழ்க் கொப்புளமாக வரும் வகையில் புகைப்பவர்கள் மிக அதிகம். மது படையையும் டிரைகிளிசரைடையும் கூட்டும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பாருங்கள். மனச்சோர்வு இந்த நோயோடு அடிக்கடி கூட வருகிறது, அதற்கும் சிகிச்சை உண்டு.

படி 8: மருத்துவரிடம் என்ன சொல்வது, எப்போது திரும்பப் பார்ப்பது

ஒரு தாளில் ஐந்து வரி போதும்: எத்தனை கை அளவு படை, இடுப்பும் எடையும், ஒரு வார பிரஷர், கடைசி லேப் எண்கள், எடுக்கும் எல்லா மருந்துகள். தோல் மருத்துவரிடம் 'இந்த எண்களைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுங்கள் டாக்டர்' என்று சொல்லுங்கள். பொது மருத்துவரிடம் 'எனக்குச் சொரியாசிஸ் இருக்கிறது, இதய ஆபத்துக் கணக்கில் அதையும் சேர்த்துப் பாருங்கள், கொழுப்பு மாத்திரை தேவைப்படுமா?' என்று கேளுங்கள். பத்து நோயாளிகள் வெளியே காத்திருக்கும்போது தாளில் இருப்பதுதான் மருத்துவர் கண்ணில் படும்.

எல்லாம் நார்மல் என்றால் சுகரும் கொழுப்பும் வருடம் ஒருமுறை, பிரஷர் ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும். பார்டரில் இருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒருமுறை. மெத்தோட்ரெக்சேட், அசிட்ரெட்டின், சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளி தனி, அதைத் தள்ளிப்போடக் கூடாது. சொரியாசிஸ் உள்ள குழந்தை குண்டாக இருந்தால் அதற்கும் இந்தப் பரிசோதனைகள் வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. உடல் முழுக்கச் சிவந்து நடுக்கம் எடுப்பது, காய்ச்சலோடு சீழ்க் கொப்புளங்கள் பரவுவது, நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இடது கை அல்லது தாடை வலியும், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பது. உடனே 108-ஐ அழையுங்கள்.

எடை நன்றாகக் குறையத் தொடங்கிய பிறகு ஒன்றைக் கவனியுங்கள். முன்பு சரியாக இருந்த சுகர், பிரஷர் மாத்திரையின் அளவு இப்போது உங்களுக்கு அதிகமாகிப் போகலாம். படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றுவது, சாப்பாட்டுக்கு முன் கை நடுங்கி வியர்ப்பது அதன் அடையாளங்கள். அந்த நேரத்து சுகரையும் பிரஷரையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சுகர் 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அன்றைக்கே மருத்துவரை அழைத்து, மாத்திரை அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.